மலையேறும் கேரவன்: நீலகிரியில் தண்ணீரையும் மின்சாரத்தையும் பாதுகாப்பாகக் கையாள ஒரு முழு வழிகாட்டி

கேரவன் ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலோர் திட்டமிடும் முதல் பயணம் ஊட்டிதான். பிரேக், டயர், இன்ஜின் எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டு கிளம்புவார்கள். தண்ணீர்த் தொட்டியையும் பேட்டரியையும் அநேகமாக யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. மலையில் முதலில் முரண்டு பிடிப்பவை அவைதான். சுமார் 300 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுப்பாளையத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டிக்கு 50 கிலோமீட்டர் தூரம்தான். அதற்குள் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை ஆறேழு டிகிரி இறங்கிவிடுகிறது. ஜெனரேட்டர் நாலில் ஒரு பங்கு வலுவை இழக்கிறது. பேட்டரி குளிரில் சுணங்குகிறது. குழாயின் அழுத்தம் வீட்டுக்கு வீடு மாறுகிறது.

நம் சாலைகளில் ஓடுபவை பெரும்பாலும் வேனையே வீடாக மாற்றிய வண்டிகள். பின்னால் கோத்து இழுத்துப் போகும் டிரெய்லர்கள் குறைவு. இரண்டிலும் உள்ளிருக்கும் ஏற்பாடு ஒன்றுதான்: பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் விளக்கு, பம்ப், ஃபிரிட்ஜ், வெளியிலிருந்து பிளக் செருகினால் உயிர்பெறும் 230 வோல்ட் லைன், நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, கழிவுநீருக்கு ஒரு தொட்டி. ஆகவே இங்கே சொல்பவை இரண்டுக்கும் பொருந்தும். நீலகிரியை மனதில் வைத்து எழுதினாலும், கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர் போகிறவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

முதல் வேலை தொட்டியைக் கழுவுவது. பல மாதம் நின்ற வண்டியின் தொட்டியில் வழவழப்பான ஒரு படலம் படிந்திருக்கும். வெறும் தண்ணீரால் அலசினால் அது போகாது. 100 லிட்டர் தொட்டிக்கு, வாசனை சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைபோகுளோரைட் கரைசல் 100 மில்லி போதும். பிளீச்சிங் பவுடர்தான் கிடைக்கிறது என்றால், புதிதாகப் பிரித்த பொட்டலத்திலிருந்து 15 கிராம் எடுத்து ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். இரண்டு வழியிலும் லிட்டருக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். தொட்டியை நிரப்பியபின் ஒவ்வொரு குழாயாகத் திறந்து, குளோரின் வாடை வரும்வரை ஓடவிட்டு மூடுங்கள். குளியல் ஷவரையும் வெந்நீர்க் குழாயையும் மறந்துவிடாதீர்கள். வடிகட்டியின் உள்ளுறையை முன்பே கழற்றிவிட வேண்டும். நான்கு மணி நேரமாவது ஊறவிட்டு, முழுவதும் வடித்து, வாடை போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். இந்த வேலை நடக்கும்போது பக்கத்தில் கழிப்பறை ஆசிட் பாட்டிலைத் திறக்கவே கூடாது. பிளீச்சும் ஆசிட்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். வண்டிபோன்ற சிறிய இடத்தில் அது உயிருக்கே ஆபத்து.

அடுத்து பம்ப். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு பம்பைப் போடுங்கள். அழுத்தம் ஏறியதும் அது தானாக நின்றுவிட வேண்டும். நின்றபின் யாரும் குழாயைத் தொடாதபோதே அவ்வப்போது ஓரிரு நொடி ஓடி ஓடி நிற்கிறதென்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். இணைப்புகளைக் காய்ந்த துணியால் துடைத்து, டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி வைத்தால் கசியும் இடம் நனைந்து காட்டிக்கொடுக்கும். பம்புக்கு முன்னால் இருக்கும் சிறிய சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். "பம்ப் போய்விட்டது" என்று வருகிற புகார்களில் பல இந்தச் சல்லடையில் அடைத்த பிளாஸ்டிக் சீவலோடு முடிந்துவிடும்.

பேட்டரியில் பார்க்க வேண்டியது முனையில் பூத்த பச்சை, தளர்ந்த நட்டு, பியூஸ். நேர்முனையிலிருந்து கிளம்பும் தடித்த ஒயரில் ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். அது இல்லாத வண்டியை மலைக்கு மட்டுமல்ல, பக்கத்துத் தெருவுக்கும் கொண்டுபோகாதீர்கள். 1,000 வாட் இன்வெர்ட்டர் முழு வேகத்தில் ஓடும்போது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 100 ஆம்பியர் இழுக்கிறது. அந்த ஒயர் எங்காவது தகரத்தில் உராய்ந்து தோல் உரிந்தால், தடுக்க பியூஸ் ஒன்றுதான் உண்டு.

கடைசியாக ஸ்விட்ச் பெட்டி. அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் துண்டிக்கும் எம்.சி.பி. காப்பது ஒயரை, மனிதனைக் காப்பது மின்கசிவு வந்ததும் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கடைகளில் அதை இன்னும் ஈ.எல்.சி.பி. என்றே கேட்டு வாங்குகிறார்கள். அதிலுள்ள 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழவில்லையென்றால் மாற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஆனால் அந்தப் பொத்தான் சோதிப்பது ஆர்.சி.சி.பி.யின் உள்பொறியை மட்டும்தான். எர்த் இருக்கிறதா என்று அது சொல்லாது. எர்த்தே இல்லாத லைனிலும் பொத்தானை அழுத்தினால் விழும்.

ஏற்றத்தில்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 100 லிட்டரைச் சுமந்துகொண்டு பர்லியாறு தாண்டி ஏறுவது இன்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும் தண்டனை. அரைகுறையாக நிரம்பிய தொட்டி இன்னும் மோசம். தடுப்புப் பலகை இல்லாத தொட்டியில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியைத் தள்ளும். மழைக்காலத்தில் குடிப்பதற்கு மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போய் நிரப்புவதே நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கணக்கு தலைகீழ். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கோடையில் தண்ணீருக்குத் திண்டாட்டம். தங்கும் விடுதிகளே லாரியை எதிர்பார்த்திருக்கும். அப்போது மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ தொட்டியை முழுதும் நிரப்பிக்கொண்டு மெதுவாக ஏறுங்கள். இரண்டு மலைகளிலும் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உண்டு என்பதால், பாட்டில் வாங்கிச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். 2024 மே 7 முதல் இரு இடங்களுக்கும் இ-பாஸ் கட்டாயம். அதையும் முன்பே எடுத்துவிடுங்கள்.

கிளம்பும் முன் பம்ப் ஸ்விட்சை அணைத்து, கேஸ் சிலிண்டரின் வால்வை மூடுங்கள். ஓடும் வண்டியில் ஒரு குழாய் குலுங்கித் திறந்துகொண்டால், குன்னூர் போய்ச் சேர்வதற்குள் மெத்தை நனைந்துவிடும்.

வண்டியை எங்கே, எப்படி நிறுத்துவது

மலையில் சமதளம் கிடைப்பதே அரிது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகுதான் மற்றதெல்லாம். டிரெய்லர் என்றால், கட்டை வைக்காமல் இழுக்கும் வண்டியிலிருந்து கழற்றவே கூடாது. பிறகு சமன் பார்க்க வேண்டும். சாய்ந்து நிற்கும் வண்டியில் தொட்டியின் அளவுகாட்டி பொய் சொல்லும். தொட்டித் துளை மேட்டுப்பக்கம் இருந்தால் பாதித் தண்ணீர் இருக்கும்போதே பம்ப் காற்றை உறிஞ்சும். குளியலறைத் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் மூலையில் தேங்கும்.

குளிர்காலமென்றால் பள்ளத்தாக்கின் அடியில் நிறுத்தாதீர்கள். கனத்த குளிர்க்காற்று இரவில் சரிவில் வழிந்து தாழ்வான புல்வெளிகளில் தங்கும். தலைக்குந்தா, காந்தள், ஊட்டித் தாவரவியல் பூங்கா போன்ற தாழ்ந்த இடங்களில் விடியற்காலையில் வெள்ளை விரித்ததுபோல் உறைபனி படிவது இதனால்தான். சரிவில் சற்று மேலே, காலை வெயில் முதலில் விழும் பக்கம் நிறுத்தினால் சோலார் பலகைக்கும் நல்லது.

பிளக்கைச் செருகுவதற்கு முன்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

தனியார் தோட்டத்திலோ ஹோம்ஸ்டே முற்றத்திலோ நிறுத்தும்போது வீட்டுக்காரர் அன்போடு ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரை நீட்டுவார். பல பழைய மலை வீடுகளில் சாக்கெட்டில் மூன்று துளை இருக்கும். மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. இதைவிட ஆபத்தானது இன்னொன்று. எர்த் ஒயர் வீடு முழுக்க ஓடும், ஆனால் மண்ணுக்குள் சரியாக இறங்கியிருக்காது. அந்த வீட்டில் எங்கோ ஒரு கீசரில் கோளாறு வந்தால், மின்சாரம் எர்த் ஒயர் வழியாகவே உங்கள் வண்டியின் உடம்புக்கு வந்துவிடும். வண்டி ரப்பர் டயரில் நிற்பதால் அது மண்ணுக்கு இறங்காமல் காத்திருக்கும். மழையில் நனைந்த புல்லில் செருப்பில்லாமல் நின்று கதவுக் கைப்பிடியைத் தொடுகிறவர் வழியாக இறங்கும். உங்கள் வண்டியின் ஆர்.சி.சி.பி. இதைத் தடுக்காது. அது ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையேயான வித்தியாசத்தை மட்டுமே கவனிக்கிறது. வெளியிலிருந்து எர்த் வழியாக வருவது அதன் கண்ணில் படுவதே இல்லை.

ஆகவே இந்த வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டர் பழக்கம் இல்லாதவர்கள் உள்ளூர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

1. வண்டியின் மெயின் ஸ்விட்சை அணையுங்கள்.

2. மல்டிமீட்டரை ஏசி வோல்ட் அளவில் வைத்து வீட்டுச் சாக்கெட்டைச் சோதியுங்கள். நேராகப் பார்க்கும்போது மேலே இருப்பது எர்த், வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் கூடாது. ஃபேஸ்-எர்த் அளவு பூஜ்யமாகவோ 60, 100 என்று அலைந்தபடியோ இருந்தால் அங்கே எர்த் இல்லை. நன்றி சொல்லிவிட்டு பேட்டரியிலேயே இருந்துகொள்ளுங்கள்.

3. ஒயரை முதலில் வண்டிப் பக்கத்திலும் பிறகு வீட்டுப் பக்கத்திலும் செருகுங்கள்.

4. இப்போது யாரும் வண்டியைத் தொடாமல் இருக்க, நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை ஈர மண்ணில் குத்தி, மல்டிமீட்டரின் ஒரு முனையை அதிலும் மறு முனையைப் பெயின்ட் இல்லாத வண்டி இரும்பிலும் வையுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வீட்டுப் பிளக்கை உடனே பிடுங்குங்கள். இந்தச் சோதனையை ரப்பர் செருப்போடு செய்யுங்கள்.

5. எல்லாம் சரியென்றால் மெயினைப் போட்டு, சாமான்களை ஒவ்வொன்றாக இயக்குங்கள்.

கிளம்பும்போது வரிசை தலைகீழ்: சாமான்கள், மெயின், வீட்டுப் பிளக், கடைசியாக வண்டிப் பிளக். வீட்டுப் பக்கம் செருகியிருக்க வண்டிப் பக்கத்தை உருவினால், கையில் இருப்பது உயிருள்ள ஒயர்.

ஒயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள மூன்று இழை ஒயர் தேவை. உருளையில் சுற்றிவைத்த ஒயரானால் முழுவதும் பிரித்துப் போடுங்கள். சுற்றியபடியே ஹீட்டருக்குக் கொடுத்தால் உள்சுற்று சூடேறி உருகும். இணைப்பு தரையில் படக் கூடாது. வண்டிக்குள் நுழையும் இடத்துக்கு முன் ஒயரைச் சற்றுத் தொங்கவிட்டால் மழைநீர் சாக்கெட்டுக்குள் போகாமல் கீழேயே சொட்டிவிடும். டேப் சுற்றிய ஒட்டு ஒயரை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்பதில்லை.

சீசன் மாலைகளில் எல்லா விடுதியிலும் கீசர் ஓடும்போது வோல்டேஜ் சரியும். 190க்குக் கீழே போனாலும் 260க்கு மேலே ஏறினாலும் தானாகத் துண்டிக்கும் கருவி ஒன்றை வண்டியில் பொருத்திக்கொள்வது ஃபிரிட்ஜின் ஆயுளுக்கு நல்லது. ஏப்ரல், மே மாதங்களிலும் ஐப்பசி மழையிலும் இடி கேட்கத் தொடங்கியதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

எதற்கு எவ்வளவு மின்சாரம்

100 ஆம்பியர்-மணி லிதியம் பேட்டரியில் இருப்பது ஏறக்குறைய 1.28 யூனிட். விளக்கு, பம்ப், போன் சார்ஜ் எல்லாம் சேர்ந்து அதில் ஒரு சிறு பங்குதான். மலையில் மின்விசிறி தேவையில்லை, ஃபிரிட்ஜும் குறைவாகவே ஓடும். பேட்டரியைத் தின்பது சூடு. ஒரு லிட்டர் குளிர்ந்த நீரைக் கெட்டிலில் கொதிக்க வைக்க சுமார் 0.1 யூனிட் போகும். ஒருவர் குளிக்க 15 லிட்டரை வெதுவெதுப்பாக்க அரை யூனிட் வேண்டும். இரண்டு பேர் குளித்தால் பேட்டரி முக்கால்வாசி காலி. எனவே சூடு பண்ணும் எதையும் இன்வெர்ட்டரில் ஓட்டாதீர்கள். வெளி பிளக் இருந்தால் மட்டுமே. 2,000 வாட் ஹீட்டர் எட்டரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதை 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் சாக்கெட் கருகும். வீட்டுக்காரரின் கீசர் பாயின்ட் 16 ஆம்பியராக இருக்கலாம். ஆனால் அவர் கீசரையும் நீங்கள் ஹீட்டரையும் ஒரே லைனில் போட முடியாது. கேட்டு நேரம் பிரித்துக்கொள்ளுங்கள்.

மூடுபனி இறங்கிய நாளில் சோலார் பலகை தருவது வெயில் நாளில் தருவதில் சிறு பங்குதான். தென்மேற்குப் பருவமழையில் அவலாஞ்சி, கூடலூர் பக்கம் போகிறவர்கள் சோலாரைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். கொடைக்கானல் இருக்கும் பழனி மலையில் அந்த நிலை வடகிழக்குப் பருவத்தில் வரும். இன்ஜின் ஓடும்போது விளக்கு, பம்புக்கான பேட்டரியை ஏற்றும் டிசி சார்ஜர் இருந்தால், ஒரு ஏற்றமே நல்ல சார்ஜ் தரும்.

மலைத் தண்ணீர்

ஹோம்ஸ்டே குழாயை வண்டியின் நேரடி இணைப்பில் மாட்டி வைப்பதை நான் விரும்புவதில்லை. மலை வீடுகளில் தொட்டி பெரும்பாலும் வீட்டுக்கு மேலே சரிவில் இருக்கும். 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் கூடும். 40 மீட்டர் மேலே ஒரு ஊற்றுத் தொட்டி இருந்தால் உங்கள் பிளாஸ்டிக் இணைப்புகளின்மேல் 4 பார் அழுத்தம் விழும். நள்ளிரவில் யாரும் தண்ணீர் எடுக்காதபோது அது முழுதாக நிற்கும். தொட்டியை நிரப்புங்கள், ஹோஸைக் கழற்றுங்கள், பம்பில் பயன்படுத்துங்கள். நேரடியாகத்தான் வேண்டும் என்றால் அழுத்தத்தை மூன்று பாருக்குள் கட்டுப்படுத்தும் வால்வைப் பொருத்துங்கள்.

தெளிந்த ஊற்று நீர் என்றாலே சுத்தம் என்று நம்புகிறோம். ஊற்றுக்கு மேலே என்ன இருக்கிறது என்று நிமிர்ந்து பாருங்கள். சோலைக்காடு இருந்தால் கொதிக்க வைத்துக் குடிக்கலாம். கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு அடுக்கு வயல்கள் இருந்தால் அந்த நீர் குளிக்கவும் கழுவவும் மட்டும். பூச்சிமருந்து கொதிப்பதால் போகாது. நகராட்சித் தண்ணீரைக் கேட்டு வாங்குங்கள்.

ஊட்டியில் தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 2,000 மீட்டருக்கு மேல், தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகு மூன்று நிமிடம் விட வேண்டும். குளோரின் போட்டால், குளிர்ந்த நீரில் அது மெதுவாகவே வேலை செய்யும். வழக்கமான அரை மணி நேரத்தை ஒரு மணி நேரமாக்குங்கள். மழையில் கலங்கிய நீரைத் தெளியவிட்டு, துணியில் வடிகட்டிய பிறகே குளோரின்.

இரவில் ஹோஸை வெளியே விடாதீர்கள். குரங்குக் கூட்டம் ஹோஸை மென்று பார்க்கும், குழாயைத் திருகித் திறக்கும். மூடத் தெரிந்த குரங்கு ஒன்றைக்கூட யாரும் பார்த்ததில்லை.

குளிரும் உறைபனியும்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை, வானம் தெளிந்த இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும். உள்ளிருக்கும் தொட்டி உறையாது. வெளியே தொங்கும் ஹோஸ், வடிகட்டிக் கூடு, வண்டிக்கு அடியில் ஓடும் மெல்லிய குழாய் ஆகியவற்றில் நிற்கும் நீர்தான் உறைந்து விரிசல் விடும். படுக்கும் முன் அவற்றை வடித்துவிட்டு, பம்பை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கி மறுபடி மூடுங்கள். காலைக் கழிப்பறைக்கு ஒரு வாளி நீரை உள்ளே எடுத்து வைத்தால் போதும்.

லிதியம் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. இங்கே ஒரு நுணுக்கம்: காலை ஏழு மணிக்கு வெயில் வந்து சோலார் விழித்துக்கொள்ளும், பேட்டரியோ இரவுக் குளிரிலேயே இருக்கும். பேட்டரியைப் படுக்கைக்கு அடியில், வண்டிக்குள் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. அமில பேட்டரியானால் அதை மூடிய பெட்டியில் வைத்து, ஹைட்ரஜன் வெளியே போகக் குழாய் விட வேண்டும்.

சூட்டுக்காக அடுப்புக்கரி, கேஸ் அடுப்பு, ஜெனரேட்டர் எதையும் மூடிய வண்டிக்குள்ளோ ஜன்னலுக்கு அருகிலோ எரியவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாடையோ கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். குளியலறைக்குள் வைக்கும் கேஸ் கீசர் வண்டிக்கு ஒத்துவராத சாமான். ஒரு மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைப் படுக்கை மட்டத்தில் பொருத்துங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால், அதற்கான காற்றுத் துளை தரை மட்டத்தில் இருக்க வேண்டும். குளிருக்குப் பயந்து அதில் துணி அடைப்பவர்கள் உண்டு. வெந்நீர்ப் பையும் இரண்டு கம்பளியும் எந்த ஹீட்டரையும்விடப் பாதுகாப்பானவை.

மூச்சுக்காற்றின் ஈரம் இரவில் தகரத்தில் படிந்து சொட்டும். ஸ்விட்ச் பெட்டிமேல் சொட்டுகிறதா என்று காலையில் பாருங்கள். ஒரு ஜன்னலை விரலளவு திறந்து வைத்தால் பெருமளவு குறையும். பேட்டரி முனைகளில் பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் பச்சை பூக்காது.

கழிவுநீர்

நீலகிரி ஓடைகள் பெரும்பாலும் பவானிக்கும் மாயாற்றுக்கும் போகின்றன. கீழே அதைக் குடிக்கிறார்கள். பாத்திரம் கழுவிய நீரை ஓடையிலோ சதுப்பு நிலத்திலோ திறந்துவிடாதீர்கள். எண்ணெய் கலந்த கழிவுநீர் வாடை கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடியையும் காட்டுப்பன்றியையும் வண்டியடிக்கே அழைத்துவரும். பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் பாதிப் பிரச்சினை தீரும். கழிப்பறைத் தொட்டியை வீட்டுக்காரர் அனுமதியோடு செப்டிக் டேங்கில் காலி செய்யலாம், ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்து போடாமல் இருந்தால். அந்த மருந்து செப்டிக் டேங்கின் நுண்ணுயிரைக் கொன்று அவருக்குப் பெரும் செலவு வைக்கும்.

இறக்கமும் வீடு திரும்பிய பின்பும்

இறங்குவதற்கு முன் நல்ல தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, கழிவுநீர்த் தொட்டியையும் காலி செய்யுங்கள். சிலிண்டர், பம்ப், மெயின் மூன்றும் மூடியிருக்கிறதா என்று ஒருவர் பார்த்துச் சொல்ல இன்னொருவர் சரிபார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் குழாய்களையும் வடிகால் அடைப்பான்களையும் திறந்து, பம்பைச் சில நொடிகள் ஓடவிட்டு மிச்ச நீரை வெளியேற்றுங்கள். தொட்டி வாயில் வலைத்துணி கட்டி, காயும்வரை திறந்து வையுங்கள். அமில பேட்டரியை முழுதாக ஏற்றி மாதம் ஒருமுறை மறுபடி ஏற்ற வேண்டும். லிதியத்தைப் பாதி சார்ஜில் இணைப்பைத் துண்டித்து நிழலில் விடலாம். ஒயர் நுழையும் துளைகளை இரும்பு நாரால் அடையுங்கள். எலிக்கு ஒயரின் தோல் பிடிக்கும், இரும்பு நார் பிடிக்காது.